பேட்டரிக்கு ஊற்றிய தீர்த்தம்

எங்கள் மாதா கோயில் மேட்டின்மேல் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஏறி வருவதற்குள் நல்ல காலும் கெஞ்சும். முடியாதவர்களை ஏற்றிவர ஒரு பழைய பகி உண்டு. கோல்ஃப் மைதானத்தில் ஓடி ஓய்ந்த மின்வண்டி. அந்த மாதிரி வண்டிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டுவதும் நான், நின்றால் திட்டு வாங்குவதும் நான்.

என் மனைவிக்கு இதயம் பலவீனமானதும், மேடு ஏறவே கூடாது என்றார் டாக்டர். அவள் தமிழ்ப் பாடல் குழுவில் பாடுகிறவள். வண்டி ஓடினால் பாட்டு. இல்லையென்றால் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் உட்கார்ந்து போனில் பூசை.

"போன்ல பார்த்தா எனக்குத் தூக்கம்தாங்க வருது" என்பாள்.

மழை விட்ட காலைகளில் அந்த ஏற்றம் எனக்குப் பாதிக் கனவு. மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும். ஈரத் தார்மேல் வெயில் மெல்ல ஊர்ந்து வரும். டேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகை அவள் தலையில். பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பாட்டை முணுமுணுப்பாள். மோட்டாரும் கூடவே முனகும். இந்த மேடு முடியவே வேண்டாம் என்றிருக்கும்.

ஒரு ஞாயிறு பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பூசைக்கு வந்த கட்டுமானத் தொழிலாளத் தம்பிகள், அவளை இறங்க விடாமல், தேர் தள்ளுவதுபோல் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பூசை முடிந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி அத்தனையும் பாழ்.

"யாரு இதுல கைய வெச்சது?" என்று கத்தினேன்.

"நான்தான்" என்றாள் அவள். "தண்ணி குறைஞ்சிருக்குன்னு போன வாரம் சொன்னீங்கள்ல? தீர்த்தம் ஊத்தினேன்."

"தீர்த்தமா!"

"மாதா பார்த்துக்குவாங்கன்னுதான்."

பேட்டரிக்கு வேண்டியது உப்பே இல்லாத சுத்தமான தண்ணீர். எங்கள் ஃபாதரோ பழைய வழக்கப்படி தீர்த்தத்தில் உப்புப் போட்டு மந்திரிக்கிறவர். கோபம் பொத்துக்கொண்டு வந்தது; அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பாகிவிட்டது. ஆனால் கோயில் கமிட்டியில், இனி இந்த ஓட்டை வண்டி எதற்கு, தூக்கிப் போடலாம் என்று பேச்சு எழுந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை.

வேலையிடத்தில், விபத்தில் நொறுங்கிய வண்டியொன்றைக் கழித்துக் கட்டினார்கள். அதன் லித்தியம் பேட்டரி மட்டும் நன்றாயிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கோயிலுக்குத்தானே? எடுத்துக்கிட்டுப் போங்க லா" என்றார் மேனேஜர். சனிக்கிழமை அதைப் பொருத்தி, அதற்கேற்ற சார்ஜரும் வைத்தேன். பழைய பேட்டரிகளின் கனம் போனதும் வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்தது. பிரேக்கையும் சரிசெய்தேன்.

மறுநாள் மேடு ஏறியதே தெரியவில்லை. சத்தமில்லாமல் மரங்கள் பின்னால் நழுவின. அவள் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. திடீரென்று நிறுத்தினாள்.

"இதுக்குத் தண்ணி எப்ப ஊத்தணும்?"

"எப்பவுமே வேணாம். ஊத்துறதுக்கு மூடியே கிடையாது."

முகம் சுருங்கிப்போனது அவளுக்கு. கைப்பையைத் திறந்து தீர்த்த பாட்டிலை எடுத்தாள். ஐயையோ என்று பிரேக்கை மிதித்தேன்.

"பயப்படாதீங்க, வண்டிக்கு இல்ல" என்றாள். விரலை நனைத்து என் நெற்றியில் சிலுவை போட்டாள். "நீங்க நிக்காம ஓடணும். அப்பதானே நான் பாட முடியும்?"

பிரேக்கிலிருந்து காலை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.