சங்கை மறைத்த வாய்ப்பாடு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பள்ளிக்கூடம் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இருந்தது. வாந்திபேதியில் அம்மாவும் தங்கையும் ஒரே வாரத்தில் போன பிறகு, சாவுச் சங்கு கேட்டாலே வகுப்பில் உட்கார்ந்தபடியே சிறுநீர் கழித்துவிடுவேன்.

"காத்து கருப்பு அண்டிக்கினு இருக்குது வாத்தியாரே, வேப்பிலை அடிக்கணும்" என்றார் அப்பா.

"அதெல்லாம் வேணாம்பா. பையன் என் பக்கத்துல குந்தட்டும்" என்றார் கணக்கு வாத்தியார்.

அதன்பின் தூரத்தில் சங்கு கேட்டதுமே அவர் பிரம்பால் மேசையைத் தட்டுவார். வகுப்பே பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொண்டை கிழியக் கத்தும். நாங்கள் ஓய்வதற்குள் பிணம் தெருவைக் கடந்திருக்கும். அது அவருடைய பைத்தியக்கார வழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

மறு கோடையில் வாந்திபேதி அவரையே கொண்டுபோயிற்று. நோய் தொற்றிக்கொள்ளும் என்று எங்களை வகுப்பைவிட்டு வெளியே விடவில்லை. தெருமுனையில் சங்கு ஊதியது. மேசையைத் தட்ட ஆளில்லை. ஆனாலும் பையன்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தபடி வாய்ப்பாட்டைக் கத்தத் தொடங்கினார்கள்.

எதற்காகக் கத்துகிறோம் என்று அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஒருவன்கூட என்னைக் கேலி செய்ததில்லை.

"நிறுத்துங்கடா, இன்னிக்கு நான் கேக்கணும்" என்றேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சங்கொலியைக் கடைசிவரை கேட்டேன். வேட்டி நனைந்துவிட்டது, நான் நகரவில்லை.

இன்றும் சங்கு கேட்டால் நடுங்குகிறேன். அதற்காக வெட்கப்படுவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.