கத்திரி படாத உடுப்பு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு தங்கையின் வணக்கம். உங்களில் பாதிப் பேர் ஒரு கோடையிலாவது அக்கா கட்டிவிட்ட துணியோடு கீழ்வேளூர் வீட்டு மொட்டை மாடியில் உலாவியவர்கள்தாம். மறுக்க வேண்டாம், படங்கள் என்னிடம் இருக்கின்றன.

அக்கா பிறந்தது பூதலூரில். எனக்கு ஐந்து வயது மூத்தவர். சித்திரையில் எங்கள் வாய்க்கால் காய்ந்து வெறும் மணலாகிவிடும். அந்த விடுமுறைகளில் அப்பாவின் துண்டுகள் இரண்டை எடுத்து, என் தோள்களில் முனைக்கு முனை முடிந்து, இடுப்பில் ஒரு நாடாவைச் சுற்றிவிடுவார். எனக்கு கவுன் தயார். தைத்தால் இன்னும் நன்றாக நிற்குமே என்று ஒருமுறை கேட்டேன். "ஊசி குத்தினா துணிக்கு வலிக்கும்டி" என்றார். நான் நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன்.

கீழ்வேளூருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அத்தான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். வயலையும் மகளையும் அக்காதான் தனியாகப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் வராத வருடமும் உண்டு, அறுக்க வேண்டிய கதிர் மழையில் சாய்ந்த வருடமும் உண்டு. ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வர என்று அத்தான் கேட்டால், அக்காவின் பதில் ஒன்றுதான்: "துணி." பூப்போட்ட கைலிகள், பெரிய பெரிய ஸ்கார்ஃபுகள். பெட்டியைத் திறந்தால் தைலமும் சாக்லேட்டும் மூலையில் கிடக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் அவற்றையெல்லாம் அலசி மாடிக் கொடியில் போடுவார். நாலு மணிக்குமேல் கடற்காற்று வந்து சேரும். அப்போது அந்த மாடி தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பி மிதப்பது போல இருக்கும். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே அக்கா எங்கே நிற்கிறார் என்றே தெரியாது, சிரிப்பு மட்டும் கேட்கும். பிள்ளைகளும் பெண்களும் ஒவ்வொருவராக உள்ளே போவார்கள், வேறு ஆளாக வெளியே வருவார்கள். கைலியை முதுகுப்பக்கமாகச் சுற்றி, இரு முனைகளையும் முன்னால் மாற்றிப் பிடித்துக் கழுத்துக்குப் பின்னால் முடிந்தால் கவுன். ஸ்கார்ஃபைக் குறுக்காக மடித்து மார்பில் சுற்றி முதுகில் முடிந்தால் மேல்சட்டை. வியர்வை இருக்காது, இறுக்கம் இருக்காது. மாலை முடிந்ததும் முடிச்சை அவிழ்த்தால் துணி மறுபடி துணியாகிவிடும்.

அக்காவின் நாத்தனாரை நானும் அண்ணி என்றுதான் அழைப்பேன். "என்னடி கோலம் இது, குளத்துலேருந்து ஏறி வந்த மாதிரி?" என்று முதலில் திட்டியவர் அவர்தாம். மறுவாரமே மாடிப்படியில் நின்று, நானும் பக்கத்தில் இருக்க, அக்காவிடம் "எனக்கும் ஒண்ணு கட்டிவிடேன், யாருகிட்டயும் சொல்லாதே" என்றார். இன்றுவரை சொல்லவில்லை, அண்ணி. இப்போது சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

பிறகு அக்காவின் மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார், ஆனால் வலது கை வீங்கியது வீங்கியபடியே நின்றது. எந்த ஜாக்கெட்டும் ஏறவில்லை. ஜாக்கெட் போடாமல் வாசலுக்கு வருவதற்கே கூச்சப்பட்டார். மாடிக்கொடி இரண்டு கோடை வெறுமையாகக் கிடந்தது. மகளின் கல்யாணம் நிச்சயமானபோது, "மணவறையில என்னத்தைப் போட்டுக்கிட்டு நிக்கிறது?" என்றார். அது ஒன்றுதான் அவருடைய கவலை.

அங்கேதான் நான் தவறு செய்தேன். அவருக்குத் தெரியாமல் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். பீரோவிலிருந்த அளவு ஜாக்கெட்டையே டெய்லரிடம் நீட்டினேன். அது நோய்க்கு முந்தைய அளவு என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. முகூர்த்தக் காலையில் ஜாக்கெட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். அண்ணி கத்திரியோடு ஓடிவந்து, "கையை மட்டும் வெட்டிவிட்டுடலாம், முந்தானை மறைச்சிடும்" என்றார்.

"வேணாம் அண்ணி. என் மேல வச்சு எதையும் வெட்டாதீங்க. ஆஸ்பத்திரியில வெட்டினதே போதும்."

அக்கா அரக்கு நிற ஸ்கார்ஃப் ஒன்றை எடுத்து மூலைக்கு மூலை மடித்தார். மார்பில் சுற்றி, இடது தோளுக்கு மேல் கொண்டுபோய், என்னை முடியச் சொன்னார். அதன்மேல் புடவை. மணவறையில் நின்றபோது, யார் தைத்தது என்று மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது அக்கா என் காதருகே சொன்னார்: "நான் போறப்பவும் கத்திரி வேணாம்டி. நீயே கட்டிவிடு." நல்ல நாளில் என்ன பேச்சு இது என்று கடிந்துகொண்டேன்.

அடுத்த ஆனியில், வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த வாரத்தில், பகல் தூக்கத்திலேயே அக்கா போய்விட்டார். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நான்தான் கொண்டுபோனேன். குளிப்பாட்டியதும் அண்ணி ஒரு ஜாக்கெட்டையும் கத்திரியையும் எடுத்தார். ஜாக்கெட்டை முதுகுப்பக்கம் வெட்டி முன்னாலிருந்து மாட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அந்த அரக்கு ஸ்கார்ஃபைப் பெட்டியிலிருந்து எடுத்து மூலைக்கு மூலை மடித்தேன். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கத்திரியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, அக்காவின் வீங்கிய கையை இரு கைகளாலும் மெல்லத் தூக்கிப் பிடித்தார். "நோவாம கட்டுடி" என்றார். அக்காவுக்கு நான் அளவு தப்பாமல் கொடுத்த உடுப்பு அது ஒன்றுதான்.

மருத்துவமனைக்குத் துணை வந்தவர்களுக்கும், அடுத்த விமானத்தில் அத்தானை அனுப்பிவைத்த அவருடைய அறைத் தோழர்களுக்கும், பந்தலில் நின்று எல்லாம் பார்த்துக்கொண்ட தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி என்று எழுதினால் திட்டுவார். போன வாரம் மாடிக்கொடியில் அக்காவின் துணிகளை அலசிப் போட்டது அவர்தாம். நாலு மணிக்குக் காற்று வந்ததும் என்னைக் கூப்பிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"கட்டிவிடு," என்றார். "யாரு பார்த்தா என்ன."