தண்ணி வேண்டாம், மேடம்

எனக்கு அப்ப எட்டு மாதம். எங்கட கர்ப்பிணி கிளினிக்குக்கு வந்த பெரிய அதிகாரி அம்மா, "குறையள் இருந்தால் பயப்பிடாமல் சொல்லுங்கோ" எண்டா. பக்கத்திலயே எங்கட நர்ஸ் நிண்டா. பிள்ளை பிறக்குமட்டும் நான் அவாட்டத்தானே போகவேணும். "ஒரு குறையும் இல்லை, மேடம்" எண்டன்.

கிளிநொச்சி வெயில் கொளுத்தினது. என்ர உதடு காய்ஞ்சு கிடக்கிறதைக் கண்டு, அந்த அம்மா தன்ர தண்ணிப் போத்தலை நீட்டினா. வேண்டாமெண்டன். வாங்கில வரிசையா இருந்த மற்றப் பெண்களும் வேண்டாமெண்டிட்டினம்.

"ஏன் பிள்ளையள்?"

எல்லாரும் நர்ஸைப் பார்த்தினம். என்ர கண் மட்டும் பூட்டிக் கிடந்த கக்கூஸுக்குப் போய்த் திரும்பிச்சு. பூட்டின்ர திறப்பு நர்ஸிட்ட; கேட்டாலும் தரமாட்டா. அதாலதான் கிளினிக் நாளில நாங்கள் விடியத்தொடக்கம் தண்ணி குடிக்கிறேல்லை.

அந்த அம்மா எழும்பிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தா.

அடுத்த கிளினிக்கில கக்கூஸ் கதவு திறந்து கிடந்தது. இப்ப பிள்ளைக்கு ஊசி போடவும் அங்கதான் போறன். ஊசி போடுற நாளில விடிய எழும்பினால், எனக்கு இண்டைக்கும் தண்ணி இறங்காது.