மகளைத் தொடாத மாசி

திருப்பூர் ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வேல்விழி ஒரு மாதம் முழுக்க ஒரு விஷயத்தை மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரியான எனக்கே தெரியாது. எல்லாம் முடிந்தபிறகு அவளாகச் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு கணவன் முனீஸுடன் திருப்பூருக்கு வந்தவள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வாயும் மிஷினும் ஒரே வேகத்தில் ஓடும். கோயில் குளம் என்று அலைந்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தவள் மகள் மதுமதி. இப்போது இரண்டாம் வகுப்பு. அம்மாவின் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். வேல்விழியின் இடது காதில் கம்மல் போட முடியாத அளவுக்குப் பிள்ளை இழுத்து வைத்திருந்தாள். அதைச் சொல்லிச் சலித்துக்கொள்வதுதான் வேல்விழிக்குப் பெருமை.

தீபாவளி முடிந்த சமயத்தில் அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்தது. முற்றவில்லை, குணமாக்கிவிடலாம் என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா தைரியம் சொன்னார். தை மாதக் கடைசியில் இடுப்புக்குக் கதிர் வைக்க ஆரம்பித்தார்கள். சனி ஞாயிறு தவிர தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். நம் ஜனங்கள் அதைக் கரண்டு வைப்பது என்பார்கள், அவளும் அப்படித்தான் சொன்னாள். வாரத்துக்கு ஒருமுறை ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கம்பெனியில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிறவள், ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் சும்மா உட்கார முடியாமல் கம்பெனியிலிருந்து பிசிறு வெட்டுவதற்குத் துணி வாங்கி வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அவள் தைத்ததெல்லாம் பருத்தி பனியன். இது விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டர் பேன்ட். மாசிக் காற்றில் ஈரப்பசை கிடையாது. அந்தத் துணிக்குள் புரண்டுவிட்டு யாரைத் தொட்டாலும் சுள்ளென்று அடிக்கும். பாலியஸ்டர் ஓட்டுகிற கம்பெனியில் போய்க் கேட்டால், துணி உரசுவதால் வரும் கரண்டு அது, ஒன்றும் செய்யாது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். மாசி தொடக்கத்தில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த மதுமதி ஓடிவந்து அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, உன்னயத் தொட்டா சுள்ளுன்னு அடிக்குதும்மா."

வேல்விழிக்குக் கரண்டு வைக்கிற மிஷின்தான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மிஷினைப் போடுவதற்கு முன்னால் எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்திக்கொள்வதை அவள் தினமும் பார்க்கிறாள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே ஆகாத ஒன்று தன் இடுப்புக்குள் நாள் தவறாமல் போகிறது. போனது எங்கே போகும், உள்ளேதானே தேங்கும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"அம்மா ஒடம்புக்குள்ள கரண்டு ஏத்திருக்காகத்தா. அது எறங்குற வரைக்கும் என்னயத் தொடக்கூடாது. யார்ட்டயும் சொல்லிராத" என்று பிள்ளையிடம் சொன்னாள். காம்பவுண்டுக்குத் தெரிந்தால் தண்ணீர்க் குழாயைக்கூடத் தொட விடமாட்டார்களோ என்று அவளுக்குப் பயம்.

முன்பக்கத்து வீட்டில் இருப்பவர் காம்பவுண்டின் சொந்தக்காரர், வீட்டுக்காரம்மா ரங்காத்தாள். பிள்ளை என்றால் அவருக்கு உயிர். "எனக்கு ஒடம்பு முடியலம்மா, மது கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று வேல்விழி கேட்டாள். "அதுக்கென்ன கண்ணு, நம்மூட்டுப் புள்ளையாட்டப் பாத்துக்கறேன்" என்று அவர் கூட்டிப்போனார்.

அன்றிலிருந்து ஜன்னல்தான் வேல்விழிக்குக் கதி. எதிரே ரங்காத்தாள் பிள்ளைக்குத் தலை பின்னுவார். வகிடு கோணலாகப் போகும். எழுந்து போய்ச் சரிசெய்யக் கை பரபரக்கும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது தூரத்திலிருந்தே கையாட்டும். முனீஸையும் பக்கத்தில் விடவில்லை. அவன் நோயின் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டான். பிள்ளை அங்கே யார் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாளோ என்ற நினைப்பில் தனக்குத் தூக்கமே போய்விட்டது என்று என்னிடம் சொன்னாள். ஒரே முற்றத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு ஏங்குவதைவிடக் கொடுமை வேறு இல்லை.

மாசி முடியப்போகும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டரம்மா, ஒரு வாரத்துக்குச் சிகிச்சை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

"வெள்ளை அணு ரொம்பக் கொறஞ்சிருக்கும்மா. நோய்க்கிருமியோட சண்டை போடுறது அதுதான். இடுப்பு எலும்புக்குள்ளதான் அது நிறைய உருவாகுது. நாம கதிர் வைக்கிறதும் அதே இடத்துல. புற்றை அடிக்கும்போது அதுக்கும் சேர்த்து அடி விழுது. திரும்ப ஊறிடும், பயப்படாதீங்க. அதுவரைக்கும் கூட்டத்துக்குப் போகாதீங்க. சளி, காய்ச்சல், அம்மை இருக்கிறவங்க கிட்டயே போகக்கூடாது. வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?"

"இருக்கு. தள்ளித்தான் வச்சிருக்கேன் டாக்டர். என் ஒடம்புல இருக்குற கரண்டு பிள்ளைக்குப் பட்டுறக்கூடாதுல்ல" என்றாள் வேல்விழி.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "மிஷினை நிறுத்தினா கதிரும் நின்னுடும்மா. உங்க உடம்புல ஒண்ணும் தங்காது. பிள்ளையை மடியிலயே போட்டுக்கலாம். உங்களால பிள்ளைக்கு எதுவும் வராது. பிள்ளைகிட்டேருந்து உங்களுக்கு எதுவும் வராமப் பாத்துக்கிட்டாப் போதும்."

இதைக் கேட்டு அவள் அங்கேயே அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் பாதி, வீணாய்ப்போன நாட்களை நினைத்துப் பாதி. வரும் வழியில் மல்லிகை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டு, அந்தக் கோணல் வகிட்டைப் பிரித்து, தானே பின்னிப் பூ வைக்க வேண்டும். பஸ் அவிநாசியைத் தாண்டுவதற்குள் மனசுக்குள் பின்னியே முடித்துவிட்டாள்.

கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ரங்காத்தாள் வீட்டு நிலையில் வேப்பிலை சொருகியிருந்தது.

ரங்காத்தாள் வாசலுக்கு வந்தார். "உள்ள வந்தராத கண்ணு. காத்தால பள்ளிக்கோடத்துலிருந்தே கூட்டியாந்துட்டோம். புள்ளைக்கு முத்துப் போட்டிருக்குது. நானெல்லாம் அம்மை பார்த்த ஒடம்பு, நீ எதுக்கும் தள்ளியே இரு" என்றார்.

உள்ளே பாயில் வேப்பிலைக்கு நடுவே மதுமதி படுத்திருந்தாள். முகமெல்லாம் கொப்புளம். நாலு எட்டு வைத்தால் பிள்ளை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வேல்விழி ஒரு காலை எடுத்துப் படியில் வைத்துவிட்டாள். டாக்டரம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. தான் போய்ச் சேர்ந்துவிட்டால் பிள்ளைக்கு யார் என்று நினைத்தாள். அந்தக் காலைத் திரும்ப எடுக்க அவள் பட்ட பாட்டை நான் என் வாசலில் நின்று பார்த்தேன்.

"அம்மா, கரண்டு எறங்கிருச்சா?" என்று உள்ளேயிருந்து பிள்ளை கேட்டாள்.

"அப்படி ஒண்ணு இருந்ததே இல்லையாம்த்தா. அம்மாதான் கூறுகெட்டுப் போயிட்டேன்."

"அப்ப வாம்மா."

பிள்ளை பாயிலிருந்து கையை நீட்டினாள். வேல்விழி படிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் மல்லிகைப் பொட்டலம்.

"இப்ப வர முடியாது ராசாத்தி. நோயோட சண்டை போடுற ஆளெல்லாம் அம்மா ரத்தத்துல கொறஞ்சு போயிட்டாக. உன்கிட்ட இருக்குறது எனக்கு வந்தா அம்மா தாங்க மாட்டேன். உனக்கு முத்து எறங்கணும், எனக்கு ரத்தம் ஊறணும். அதுக்கப்புறம் வந்துருவேன்."



"ரெண்டுல எதும்மா மொதல்ல நடக்கும்?"

"தெரியலத்தா" என்றாள் வேல்விழி.

பிள்ளை நீட்டிய கையை மடக்கவில்லை. இவளும் அந்தப் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை.