இடது கைக்கு ஒரு ப்ரேக்

இந்த நாட்டில் சைக்கிள்கள் காரில் ஏறிப் போகின்றன. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நானும் மெர்சியும் மகளும் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, பின்பக்கம் இரண்டு சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு ஒரு கார் எங்களைக் கடந்து போனது. பாவம், பஞ்சர் போலிருக்கிறது என்று மெர்சியிடம் சொன்னேன். அடுத்து வந்த காரிலும் சைக்கிள். அதற்கடுத்த காரின் கூரையில் மூன்று. எல்லாருக்குமா ஒரே நாளில் பஞ்சராகும்? மலையடிவாரம் வரை சைக்கிளைக் காரில் கொண்டுபோய், அங்கே இறக்கி, சேற்றில் ஓட்டி விழுந்து எழுந்து, மறுபடி காரிலேயே வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. விருதுநகர்ப் பக்கம் சைக்கிள்தான் எல்லாவற்றையும் சுமக்கும். பெண்டாட்டி, பிள்ளை, அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எதுவும் மிச்சமில்லை. சைக்கிளை ஒருவர் சுமந்து போய் நான் பார்த்ததில்லை.

நான் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்துக்காரன். அங்கே ஒரு பட்டாசு கம்பெனியில் கூலியாளாகச் சேர்ந்து போர்மேன் வரைக்கும் வந்தவன். மெர்சி விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இப்போது நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஒரு சின்ன நகரம். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. நானும் மகளும் அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். 'டிபென்டன்ட்' என்று அதற்கு ஒரு பெயர். அந்தச் சொல்லை முதன்முதலில் வாசித்தபோது மெர்சி என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வந்து சில மாதங்களில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் வெளுக்கும் சலவை ஆலை. அது குன்றின் உச்சியில் இருக்கிறது. முதல் பஸ் கிளம்புவதற்கு முன்பே எங்கள் ஷிப்டு தொடங்கிவிடும். அதனால்தான் சைக்கிள் வாங்கப் போனேன்.

கடைக்காரர் பெயர் கீத். நரைத்த தாடி, கையெல்லாம் கிரீஸ். எந்த மாதிரி ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு ஏதேதோ வகைகளைச் சொன்னார். அதில் 'டவுன்ஹில்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. வேலை முடிந்து திரும்பும் வழி முழுக்க இறக்கம்தானே. "யெஸ், டவுன்ஹில், எவ்ரி டே" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மரியாதையாக உள்ளறைக்கு அழைத்துப்போய், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதைப் போன்ற சஸ்பென்ஷன் வைத்த ஒரு ராட்சசனைக் காட்டினார். பாறையில் இருந்து குதிக்கிற பந்தயத்துக்குப் பெயர்தான் டவுன்ஹில் என்று அவர் விளக்கி முடித்தபோது, நான் என் சாப்பாட்டுப் பையைக் காட்டி, "லாண்டரி, வொர்க்" என்றேன். அவர் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை, அதனால் நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த மவுண்டன் பைக்குகள் பழகுகிறவர்களுக்கானவை, விலை குறைந்தவை. சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தேன்.

மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணி இல்லை. ஊரில் இப்படி ஒரு சைக்கிளைக் கொடுத்தால் மீதியை யார் திருடினார்கள் என்று கேட்போம். முதல் வாரமே மட்கார்டு போட்டேன், இல்லாவிட்டால் முதுகில் ஒரு சேற்றுக் கோடு விழுகிறது. பிறகு கேரியர். பிறகு, பல் பல்லாக இருந்த டயர்களைக் கழற்றிவிட்டுத் தார்ச்சாலைக்கு வாகான டயர்கள். மலைக்குப் பிறந்த சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாக நாரணாபுரத்துச் சைக்கிளாக மாற்றிக்கொண்டிருந்தேன். சலவை ஆலையில் கூட வேலை பார்ப்பவர்கள், இதற்குச் செலவழிப்பதற்கு வேறு சைக்கிளே வாங்கியிருக்கலாமே என்றார்கள். அது சரிதான். ஆனால் பகல் முழுக்க யாருடைய அழுக்கையோ வெளுத்துவிட்டு வருகிற ஒருவனுக்கு, தன் கையால் ஒரு ஸ்குரூவைத் திருகி, அது இறுகுவதை உணர்கிற சந்தோஷம் தேவைப்படுகிறது.

என் இடது கையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனி வாசலில் ஒரு வேப்பமரம். சைக்கிள், செருப்பு, செல்போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவோம். உரசுகிற எதுவும் உள்ளே வரக்கூடாது. தீபாவளிக்கு முந்தின சீசன், ஆர்டர் நெருக்கிய மாதம். மத்தியான வெயிலில் பக்கத்து அறையில் மருந்து கலந்துகொண்டிருந்தார்கள். வெடிக்கிற பொடியை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம். எது எதில் உரசியதோ தெரியாது. வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது, அப்புறம்தான் சத்தம். முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கினேன். முகம் தப்பியது. அந்த அறையில் இருந்த இரண்டு பேர் தப்பவில்லை. அவர்கள் பெயரை எழுத இன்றைக்கும் கை வரவில்லை.

மதுரையில் ஆஸ்பத்திரி வாசம். தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மெர்சிதான் கட்டுப் பிரித்துக் கட்டினாள். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்பக்கம் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, "நாம வெளிநாடு போறோம்" என்றாள். "எந்த நாட்டுக்கு?" என்று கேட்டேன். "எந்த நாட்டுல கூப்பிடுறாகளோ அந்த நாட்டுக்கு" என்றாள். வேலைக்குப் போகிற பஸ்ஸில், சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் கூட்டம் இறங்கிய பின் இடம் கிடைத்து உட்கார்ந்து, காதில் இயர்போனைச் செருகி ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தாள். இரண்டு முறை தவறி மூன்றாவது முறை தேறினாள். ஆகவே நாங்கள் இங்கே வந்தது அவளுடைய படிப்பால் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என் கையால் வந்தோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கரிசல் காட்டில் ரோடு தட்டையாகக் கிடக்கும். அங்கே காலை ஊன்றினாலே சைக்கிள் நின்றுவிடும், ப்ரேக்கை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இங்கே குன்று. என் சைக்கிளில் இருந்தது கேபிளில் இயங்கும் டிஸ்க் ப்ரேக். வலது கை முன் சக்கரத்துக்கு, இடது கை பின் சக்கரத்துக்கு. குளிர் காலம் தொடங்கியதும் ஒட்டுத்தோல் இறுகியது. இடது லீவரை இழுக்க விரல்களில் பலம் இல்லை. எல்லாவற்றையும் வலது கையிலேயே சமாளித்தேன். நவம்பரில் ஒரு மழை மதியம், வேலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது வளைவில் ஒரு வேன் குறுக்கே வந்தது. முன் ப்ரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தேன். முன் சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் ஈரப் புல்லில் விழுந்தேன். நாயோடு வந்த ஒரு வயதான அம்மா குனிந்து, "ஆர் யூ ஆல் ரைட், லவ்?" என்று கேட்டார். அன்பே என்று அந்நியர்கள் இங்கே சாதாரணமாகக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. வலியால் அழுகிறேன் என்று அவர் நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார். "நோ, நோ, ஒன்லி ப்ரேக், நோ ஹேண்ட்" என்றேன். கை முறிந்துவிட்டது என்று அவருக்கு அர்த்தமாகியிருக்கிறது. இன்னும் பதறிவிட்டார். கையை ஆட்டிக் காட்டியபிறகுதான் விட்டார்.

அன்றைக்கு வீட்டில் சண்டை. மெர்சி முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே திட்டினாள்.

"ரோட்டுல விழுந்து சாகவா உங்கள அங்கன இருந்து கூட்டியாந்தேன்?"

"நீ ஒண்ணும் கூட்டியாந்து கஷ்டப்பட வேண்டாம். நான் ஊருக்கே போயிருதேன்."

சும்மா கோபத்தில் சொன்ன சொல்லில்லை அது. அதற்கு முந்தின வாரம்தான் என் தம்பி மரியதாஸ் போன் செய்திருந்தான். அவனும் அதே கம்பெனியில், பெட்டி அடைக்கிற பகுதியில் வேலை. "எண்ணே, தீபாவளி முடிஞ்சு மறுபடி தொறந்தாச்சு. பழைய போர்மேன் நின்னுட்டாரு. முதலாளி உங்களத்தான் கேட்காரு. வாரீகளா?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அங்கே என்னைக் கேட்கிறார்கள் என்ற ஒரு சொல், இந்தக் குளிரில் கம்பளி போல இருந்தது. அதை மெர்சியிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீத் கடைக்குப் போனேன். இடது கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். என்ன ஆயிற்று என்றார். "கிராக்கர் ஃபேக்டரி. ஃபயர்" என்றேன். அவர் தலையை ஆட்டி, தன் அம்மாவும் பிஸ்கட் ஆலையில்தான் வேலை பார்த்தார், அந்த அடுப்புகள் பொல்லாதவை என்றார். கிராக்கர் என்றால் இங்கே உப்பு பிஸ்கட். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். நாரணாபுரத்தில் தொடங்கி எவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்ததுமே களைப்பாக இருந்தது. "யெஸ், பேட் அடுப்பு" என்று பாதித் தமிழில் சொல்லிவிட்டேன். ஹைட்ராலிக் ப்ரேக் போடலாம் என்றார். உள்ளே எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது, ஒரே விரலால் இழுத்தாலும் பிடிக்கும், லீவரையும் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். புதியதன் விலை என் சைக்கிளின் தகுதிக்கு மீறியது. யாரோ கழற்றிப் போட்ட ஒரு ஜோடியைக் குறைத்துக் கொடுத்தார். மாட்டுவதை நானே செய்துகொள்கிறேன் என்று வாங்கிவந்தேன்.

சனிக்கிழமை மதியம், சமையலறைத் தரையில் பழைய பேப்பர்களை விரித்து உட்கார்ந்தேன். மாட்டுவது எளிதாக முடிந்தது. குழாயை அளவுக்கு வெட்டியபோது உள்ளே காற்று ஏறிவிட்டது. லீவரை இழுத்தால் ஈரப் பஞ்சைப் பிடித்ததுபோல அமுங்கியது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு சிரிஞ்சுகள் வேண்டும். கீழே ஒன்றால் எண்ணெய் ஏற்ற வேண்டும், மேலே ஒன்றால் உறிஞ்ச வேண்டும். என் இடது கையால் சிரிஞ்சைப் பிடித்து அமுக்க முடியவில்லை. எண்ணெய் பேப்பரில் ஒழுகியது. மெர்சி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைக்குப் பிறகு சரியாகப் பேசியிருக்கவில்லை.

"தள்ளுங்க" என்று வந்து உட்கார்ந்தாள். சிரிஞ்சை வாங்கி, நிமிர்த்திப் பிடித்து, நகத்தால் இரண்டு தட்டு தட்டினாள். குமிழிகள் மேலே ஏறின. "காத்தோட மருந்த ஏத்துனா ஆளு செத்துருவான். வண்டிக்கும் அதான்போல" என்றாள். அவள் கீழிருந்து மெதுவாக அமுக்க, நான் மேலே வலது கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெயில் குமிழி வருவது நிற்கும் வரை இருவரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஊருக்குப் போறேன்னீகளே, டிக்கெட்டு போட்டாச்சா?" பார்வையை எடுக்காமலே கேட்டாள்.

"இல்ல."

"இந்தக் கையி ஆறுறதுக்கு நான் எம்புட்டு நாள் ஒறங்காம இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும். அதைக் கொண்டு போயி மறுபடி அந்த நெருப்புல வைக்கணும்னா போங்க. நான் தடுக்கல. இங்கன உங்களுக்கு யாருமில்லன்னு எனக்கும் தெரியுது. எனக்கு மட்டும் யாரு இருக்கா?"

நான் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு, ஆட்காட்டி விரலாலும் நடு விரலாலும் இடது லீவரை இழுத்தேன். கெட்டியாக நின்றது. அவள் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள், நான் இழுத்தேன், சக்கரம் சத்தமில்லாமல் நின்றது. இன்னொரு முறை சுற்றினாள். மறுபடி நிறுத்தினேன். மகள் மாடியிலிருந்து இறங்கிவந்து, நானும் நானும் என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்தச் சக்கரம் நெடுநேரம் சுற்றியது.

மறுநாள் மரியதாஸுக்குப் போன் செய்து, நான் வரவில்லை என்றேன்.

"அப்பச் சரிண்ணே. அப்ப அந்த வேலைய நான் பாக்கட்டுமா? முதலாளி, உங்க அண்ணன் வரலைன்னா நீயே செய்யின்னு சொல்லிட்டாரு."

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. பெட்டி அடைக்கிற இடத்திலிருந்து போர்மேன் என்றால், மருந்து அறைகளுக்கு நடுவிலேயே நாள் முழுக்க நடக்க வேண்டும்.

"வேண்டாம்லே. ஆலங்குளத்துல சிமெண்ட் ஆலையில கேட்டுப் பாரேன்."

"அங்கன நமக்கு யாரைத் தெரியும்? நீங்க அங்கன இருந்துக்கிட்டு வேண்டாம்னு சொல்லலாம்ணே. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. பெட்டி அடைச்சே காலத்த ஓட்டவா?"

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். "தண்ணி வாளிய எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல வையி. வெயில் ஏறுனா கலக்க விடாத. ஆர்டர் நெருக்குறாகன்னு ஒரே அறையில ஆள அடைக்காத" என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "சரிண்ணே, சரிண்ணே" என்றான். தினமும் சாயங்காலம் கேட்டை விட்டு வெளியே வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை பேசி அனுப்பச் சொன்னேன். அதற்கும் சரி என்றான்.

புதிய ப்ரேக் நன்றாகப் பிடிக்கிறது. மழையிலும் இறக்கத்திலும் இப்போது பயமில்லை. நாயோடு வரும் அந்த அம்மா என்னைக் கண்டால் கை காட்டுகிறார். மகளும் ஒரு சைக்கிள் கேட்கிறாள். மெர்சி, இரவு வேலை முடிந்து வரும்போது என் சைக்கிள் வாசலில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தேடுகிறாள். வாழ்க்கை ஒரு மாதிரி ஓடுகிறது, யாரும் எங்களைத் துரத்தவில்லை, யாரும் அழைக்கவும் இல்லை.

ஆனால் நாரணாபுரத்தில் வேலை விடுகிற நேரம் இங்கே எங்கள் சாப்பாட்டு இடைவேளை. மற்றவர்கள் உள்ளே சூடாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் ஆலைக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்தில், போனை வலது கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "வெளிய வந்துட்டேண்ணே" என்ற மரியதாஸின் குரல் வரும்வரை டப்பாவைத் திறப்பதில்லை. சில நாள் உடனே வரும். சீசன் நெருங்க நெருங்கத் தாமதமாகிறது. நேற்று வெகுநேரம் வரவில்லை. அவன் குரல் வந்த பிறகு குனிந்து பார்த்தேன். என் இடது கை தானாகப் போய், சுவரோரம் பூட்டி நின்ற சைக்கிளின் ப்ரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.