இடது பக்கத்து வீல்கள்

தெருவில் அவருக்கு நூலு என்று பேர். நூல் பிடித்த மாதிரி வண்டியை ஓரங்கட்டுவதால் வந்த பேர். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்றைக்குக் காலையில் முதலாளியம்மாவின் காரை நடைபாதைக் கல்லில் உரசிவிட்டு, தன் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் முன்வீல், பின்வீல் ரெண்டுக்கும் விளிம்பெல்லாம் எலி கொறித்த மாதிரி. ரெண்டு மாசத்தில் இது மூன்றாவது தடவை.

முந்தின ரெண்டு தடவையும் வீல் கடைக்குத்தான் போனார். ஒரே பகலில் புதுசாக்கிக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். ஆனால் போன தடவை சாவியை நீட்டும்போது, மறுபடியும் இடது பக்கம்தானா என்று கேட்டு ஒரு பார்வை பார்த்தார். இந்தத் தடவை அந்தக் கடைப் பக்கம் போக நூலுவுக்குத் துணிவில்லை. ஆறு மாசமாக அவருடைய இடது கண்ணில் பனி மூடி, வலதும் லேசாக மங்கிக் கிடப்பது பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. வெளியே தெரிந்தால் வேலை போச்சு. வண்டி ஓட்டுவதை விட்டால் அவருக்கு வேறு எதுவும் வராது.

முதலாளியம்மா ஐந்து மணி ரயிலில் வருகிறார். அதற்குள் வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று தேய்க்க உப்புத்தாள், கீறலை அடைக்கப் பட்டி, வெள்ளி நிற ஸ்ப்ரே டப்பா எல்லாம் வாங்கி வந்தார். டயரைச் சுற்றிப் பழைய பேப்பரை ஒட்டினார். தேய்த்தார், பட்டி வைத்தார், காயவிட்டார், தண்ணீர் தொட்டு மறுபடி தேய்த்தார். முழங்கை விட்டுப் போயிற்று. துணி உலர்த்த வந்த பெண்டாட்டி, கட்டினவளுக்கு ஒரு நாள் தோடு மாட்டிவிட்டதில்லை, காருக்குப் பவுடர் பூசுகிறாராம் என்று இடித்துவிட்டுப் போனாள்.

மூன்று பூச்சு அடித்து, பேப்பரைக் கிழித்துப் போட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாள். "பாதிக் கீறல்லதான் பட்டி இருக்கு. மீதி அப்படியே கிடக்கு, அது மேலயே பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. டயர்லயும் பெயிண்ட் வழிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

அவருக்கு எல்லாம் வழவழவென்றுதான் தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தார். சொரசொரவென்று தோலைப் பிடித்து இழுத்தது.

"வெயில் கண்ணைக் கூசுது" என்றார்.

"நீங்க நிழல்லதான் நிக்கிறீங்க."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் கடைக்கே ஓடினார். கடைக்காரர் நகத்தால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். இதை முழுசாக உரித்து, லேத்தில் பிடித்துக் கடைந்து, முதலிலிருந்து அடிக்க வேண்டும். நாளை சாயங்காலம் ஆகும். காலையிலேயே நேராக வந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்றார். நூலு கெஞ்சினார். மேலாக எதையாவது பூசி மறைத்துக் கொடு என்றார். கடைசியில், அம்மாவிடம் மட்டும் எதுவும் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எதுக்குண்ணே சொல்றேன்" என்றார் கடைக்காரர். "ஆனா மூணு தடவையும் ஒரே பக்கம். அந்த இடத்துல கல்லுக்குப் பதிலா ஒரு பிள்ளை நின்னிருந்தா?"

வீலை அப்படியே விட்டு, ஸ்டேஷனுக்கு நடுரோட்டிலேயே ஊர்ந்து போனார். பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரனை அடித்துத் திட்டிக்கொண்டே முந்தினான். முதலாளியம்மா வந்ததும் பெட்டியை டிக்கியில் வைத்தார். ஆனால் ஸ்டியரிங் பக்கம் போகக் கால் வரவில்லை. சாவியை நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்கம்மா. எனக்கு இடது கண்ணு தெரியல."

அந்தம்மா அவரைப் பார்த்தார். பிறகு கீழே வீலைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமாம்மா."

இந்த ஆறு மாசமும் தன் மகளைத் தினம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது யார் என்று அந்தம்மா யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டார். நூலு சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வந்ததும் அந்தம்மா சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். நாளைக்கு வரட்டுமா என்று இவர் கேட்கவில்லை.