அடுப்படிக்கு வராத அஞ்சு

ராயப்பராஜ் சாரின் குரலைத் தெரியாதவர்கள் திண்டுக்கல் மேட்டுப்பட்டிப் பக்கம் குறைவு. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த காலத்தில் அவர் மைதானத்தில் நின்று ஒரு அதட்டல் போட்டால், ரோட்டில் போகிற ஆள்கூடச் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான். அப்பேர்ப்பட்ட மனுஷன் ரிட்டயராகி, மனைவி ஆனந்தமேரியையும் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த பிறகு, பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொல்வதைத் தவிர வாய் திறக்க வேலை இல்லாமல் போனது. ஒரே மகள் வினோலியா அயர்லாந்தில் நர்ஸ். சாருடைய அப்பா கட்டிய கருங்கல் வீட்டில் அவரும் பல்லியும்தான்.

இன்டர்நெட் இழுக்கச் சொன்னது வினோலியா. கல் சுவருக்குள் செல்போன் டவர் எடுக்காது. ரவுட்டரோடு வந்த சேக் பரீது, "நடுவீட்டுல மாட்டுனாத்தான் சார் எல்லாப் பக்கமும் எடுக்கும்" என்றார். சார் கேட்பாரா? முன்னறையில் திருஇருதயப் படம் இருக்கிற பீடத்தில்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பை அணைக்கக் கூடாது என்பது ஆனந்தமேரி போட்ட சட்டம். அதனால் அந்த வீட்டில் யாரும் கை வைக்காத ஒரே பிளக் அதுதான். அதோடு, மகள் வருகிற வழியை ஆண்டவர் பக்கத்தில் வைப்பதில் என்ன தப்பு என்பது அவர் கட்சி. சேக் பரீதும் படத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, மரியாதையாக மாட்டிக் கொடுத்தார்.

"போன்ல வைஃபைக்குள்ள போனா இதுக்கு ரெண்டு பேரு காட்டும் சார். அஞ்சுன்னு முடியிறது செம வேகம், படம் பளிச்சுன்னு வரும். ஆனா இந்தக் கல்லுச் சொவரத் தாண்டாது. வெறும் பேரா இருக்குறது மெதுவாத்தான் ஓடும். அடுப்படி வரைக்கும் வந்துரும்."

சார் தலையாட்டிவிட்டு முதலில் கண்ணில் பட்ட வெறும் பேரைத் தட்டினார்.

அப்படித்தான் அவர் சமையல் படித்தார். வினோலியாவுக்கு ராத்திரி டூட்டி. அது முடிந்து அவள் அறைக்குத் திரும்புகிற காலை நேரத்தில் திண்டுக்கல்லில் வெயில் உச்சிக்கு வந்திருக்கும். எவ்வளவு பசித்தாலும் அதுவரை சார் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். போன் வந்ததும் அதை உப்பு ஜாடியில் சாய்த்து வைப்பார். அவள் அங்கே உடை மாற்றிக்கொண்டே, "வெங்காயம் உரிச்சாச்சாப்பா? புளியக் கரைங்க, அம்புட்டு வேணாம்" என்று அம்மா வைத்த குழம்பு, வெஞ்சனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். பாதியில் பேச்சு நின்றுவிடும். பார்த்தால் தூங்கியிருப்பாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து, எது தலை, எது தலையணை என்று தெரியாது. சார் போனை அணைக்க மாட்டார். எதிரே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். உள்ளே ஒரு ஆள் தூங்குகிற வீட்டில் சாப்பிடுகிற மாதிரி இருக்கும் அவருக்கு.

அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? மகள் முகத்தை ஒழுங்காகப் பார்த்து எத்தனை மாசம் ஆகிறது என்று ஒருநாள் மனசு அடித்துக்கொண்டது. சேக் பரீதைக் கூப்பிட்டு அஞ்சை மாட்டச் சொன்னார். இரண்டும் இருந்தால் போன் குழம்பும் என்று அவர் பழைய பேரை அழித்துவிட்டு, "அடுப்படியில எடுக்காது சார், யோசிச்சுக்கங்க" என்றார்.

"மக மொகத்த விட அடுப்படி பெருசா பாய்?" என்றார் சார்.

முதல் நாள் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. சின்ன வயதில் விழுந்து புருவத்தில் ஏற்பட்ட தழும்புகூடத் தெரிந்தது. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள்தான், "என்னப்பா இம்புட்டு இளைச்சுட்டீங்க?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து சார் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பீடத்துக்குக் கீழே நாற்காலியில் விறைப்பாக உட்கார ஆரம்பித்தார். அவளும் எழுந்து உட்கார்ந்து தலையைச் சரிசெய்துகொண்டாள்.

"வேற என்னப்பா?"

"வேற என்னம்மா, நீதான் சொல்லணும்."

இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே முகம் இருந்தால் பேசியாக வேண்டுமே, பேச என்ன இருக்கிறது? தினமும் வந்த அழைப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானம் மட்டும் என்றானது. சார் சமைப்பதை நிறுத்தி மெஸ்ஸில் பார்சல் வாங்கினார். பேசுகிற அந்தக் கொஞ்ச நேரத்திலும் மகளின் கண்ணுக்குக் கீழே கருப்பு ஏறிக்கொண்டே போவது பளிச்சென்று தெரிந்தது. வேலை அதிகம்போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் தன்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்ற பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பால் பொங்கித் தீய்கிற வாடை வந்தது. சார் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினார். அவசரத்தில் கால் பட்டு வாசற்படி ஓரத்துச் செம்பு உருண்டது. சுவரைத் தாண்டியதும் அழைப்பு அறுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்து திரும்பக் கூப்பிட்டால், வினோலியா அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. செம்பு உருண்டுச்சா? அந்தச் சத்தம் கேட்டதும் அழுகை வந்துருச்சு."

"ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து தூங்குறியா இல்லையா நீ?"

"எங்கப்பா. விட்டத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். முன்னாடின்னா நீங்க அடுப்படியில உருட்டிக்கிட்டு இருப்பீங்க. கடுகு வெடிக்கும். நம்ம வீட்டுலதான் படுத்திருக்கேன்னு தூங்கிருவேன்."

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சட்டையெல்லாம் போட்டு உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு எதிர்க்க எப்படிப்பா தூங்குறது?"

சார் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். இஸ்திரி கலையாமல் இருந்தது.

மறுநாள் காலையில் சேக் பரீது வந்து பார்த்தார். "அஞ்சு நல்லாத்தானே சார் ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது பாய். எங்களுக்குத்தான் ஒத்து வரல. பழசையே போட்டுருங்க."

"வேணும்னா நடுவீட்டுக்கு மாத்தித் தாரேன். வயரு புதுசா இழுக்கணும், ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம் அவ முழிச்சுக் கெடக்கணுமா? போடுங்க பாய்."

உச்சிவெயிலில் சார் தானே கூப்பிட்டார். போன் உப்பு ஜாடியில் சாய்ந்திருந்தது. பனியனோடு நின்று வெங்காயம் உரித்தார்.

"அப்பா, மொகமே தெரியலப்பா. கட்டம் கட்டமா வருது."

"தெரியாட்டிப் போகுது. நீ படு. செத்த நேரத்துல கொழம்பக் கூட்டிருவேன்."

"புளி அம்புட்டு வேணாம்ப்பா..." என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. திரையில் ஏதோ ஒரு கட்டம் தலையணை, ஏதோ ஒரு கட்டம் அவள்.

சார் தாளித்தார், குழம்பை இறக்கினார், எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். தட்டையும் கழுவியாயிற்று. அடுப்படியில் இனி ஒரு வேலையும் இல்லை. வீடு கப்சிப்பென்று ஆனது. அவள் லேசாகப் புரண்டாள்.

சார் எழுந்தார். மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, வெறும் சட்டியில் எண்ணெய் விட்டு, ஒரு பிடி கடுகை அள்ளிப் போட்டார்.